கண்ணாடிச் சுவர்கள்

யெவ்கேனி ஸமியாதினின் ‘நாங்கள்’ நாவலை முதுகலை மாணவனாக இருந்தபோது ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அண்மையில் மீண்டும் வாசிக்க நேர்ந்தது. ருஷ்யாவில் 1920-21இல் எழுதப்பட்ட இந்நாவல், 1924இல் நியூயார்க்கில் ஆங்கில நூலாகவே முதலில் வெளிவந்தது. சோவியத் மண்ணில் அச்சேற 1988 ஆயிற்று. ஆசிரியரோ 1937இலேயே பாரிஸில் மறைந்துவிட்டார்.

அவர் படைத்த ஒற்றை அரசில் மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. அனுமதி பெற்ற நேரத்தில் மட்டுமே திரையை இறக்கலாம். கதைசொல்லியான பொறியாளன் டி-503 இதையே இன்பம் என்று நம்புகிறான். இறுதியில் அறுவைச் சிகிச்சையால் கற்பனை அகற்றப்பட்டு, தான் நேசித்த பெண் வதைக்கப்படுவதைச் சலனமின்றிப் பார்த்திருக்கிறான். அன்று அவனை எண்ணி நகைத்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பறைகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது குறித்துக் கருத்துக் கேட்டனர். ஒழுங்கு கூடுமென்று எண்ணி ஆதரவாகக் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

சென்ற வாரம் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “புலவர்கள் அரசனை இடித்துரைத்ததுபோல இன்று நம்மால் பேச முடியுமா ஐயா?” என்றாள். விடை கூறுமுன் என் கண்கள் தாமாகவே கேமராவை நோக்கின. அவளும் அதைக் கண்டாள். “அடுத்த பாடலைப் பார்ப்போம்” என்றேன்.

எவரும் என்னைத் தடுக்கவில்லை. அந்தப் பதிவை யாரேனும் பார்த்தார்களா என்பதும் ஐயமே. ஆயினும் திரும்பி அமர்ந்த அம்மாணவியின் முகம் நினைவைவிட்டு அகலவில்லை. நாளைய வகுப்பை அவளுடைய வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.