பரணில் கிடந்த குறிப்பேடுகள்

பெங்களூருவில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, அந்நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கணக்கீட்டு அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மழை, காற்று போன்றவற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் நிகழ்த்திக் காண்பது அத்துறை. வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் படிப்படியாகக் கணிப்பர். 2022இல் அங்கு செயல்பாட்டுக்கு வந்த 'பரம் பிரவேகா' மீக்கணினி, நொடிக்கு ஏறத்தாழ 3,300 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது.

மாணவர்களே! அத்தகைய கணினியும் மனிதர் இட்ட பிழையைத் தானே திருத்துவதில்லை. ஒருநாள் அவள் என் இல்லம் வந்து, "ஐயா, ஒரு சமன்பாட்டில் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி இட்டுவிட்டேன். எட்டு மாத உழைப்பு வீணாயிற்று. ஆய்வை விட்டுவிடலாமா?" என்று கலங்கினாள்.

பணிமாற்றத்தின்போது என் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்தியவன் நான். அறிவுரை கூற நா எழவில்லை. பரணில் கிடந்த குறிப்பேடுகளை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தவள், "இதை ஏன் விட்டீர்கள் ஐயா?" என்றாள். என்னிடம் விடை இல்லை.

மறுவாரம் அவள் முதல் வரியிலிருந்து மீண்டும் கணக்கிடத் தொடங்கினாள். அவளது ஆய்வு இன்னும் முடியவில்லை. என் குறிப்பேடுகளும் பரணுக்குத் திரும்பவில்லை.