பூனையின் இருள்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக எண்ணுமென்று நம்மவர் கூறுவர். அறியாமையை இடித்துரைக்க வந்த இப்பழமொழி பூனைக்கு இழைத்திருக்கும் அநீதி சிறிதன்று. உண்மை இதற்கு நேர்மாறானது. கண்ணொளி மெய்யாகவே மங்கிவிட்ட பூனைகூட, உலகம் இருண்டுவிட்டதென்பதை எவருக்கும் காட்டிக்கொள்வதில்லை. நாய் தடுமாறும், முனகும், எசமானின் காலடியை நாடும். பூனையோ தன் இருளைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, வழக்கமான வேளையில் வழக்கமான இடத்தில் வந்து அமர்ந்துவிடும். இதனை நான் நூல்களிற் படித்தறிவதற்கு முன்னரே எங்கள் வீட்டு மின்னி எனக்குக் கற்பித்தது.

கொம்பனித்தெருவிற் பிறந்தவர்க்குப் பூனை புதிய பிராணியன்று. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமாதலின், 'அடிமைத்தீவு' என்னும் பொருள்பட ஆங்கிலேயர் பெயரிட்டழைத்த பகுதி இது. மலாய்க் குடும்பங்களும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஒழுங்கைகளில், பூனைகளுக்கு மட்டும் மதமும் மொழியும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியார், நபிகளாரின் தோழர் ஒருவர் 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படும் அபூஹுரைரா என்னும் பெயராலேயே அறியப்பட்டவர் என்று சொல்லிச் சொல்லி, தெருப்பூனைகள் அனைத்திற்கும் சூடைமீன் தலை வைப்பார். மின்னியும் அவ்வாறு அவர் வாசலில் உண்டு, எங்கள் வாசலில் உறங்கி, இறுதியில் எங்கள் வீட்டதாகிவிட்ட பூனையே.

பழைய ஒழுங்கை வீட்டை விட்டு, ஐந்தாம் மாடியிலுள்ள வீடொன்றிற்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது மின்னிக்கு வயது பதின்மூன்று. வந்த முதல் வாரத்திலேயே அதன் இயல்பு மாறிற்று. சுவரோரமாகவே நடந்தது. நாற்காலிக்குத் தாவுமுன் நெடுநேரம் தயங்கியது. இருமுறை கதவு நிலையில் மோதிக்கொண்டது. "இடம் மாறிய ஏக்கம், பூனை மனிதரோடு ஒட்டுவதில்லை, வீட்டோடுதான் ஒட்டும்" என்றார் அப்பா. பாட்டியோ, "வயசு போய்விட்டது, எனக்கு இல்லையா?" என்றார். இரண்டுமே நம்பத்தகுந்த விளக்கங்கள்தாம். ஆனால் அப்பா தம் விளக்கத்திலிருந்து ஒரு முடிவையும் பெற்றார்: பழைய ஒழுங்கையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால் அது தன்பாட்டில் வாழ்ந்துகொள்ளும் என்பது அது. அந்த ஒழுங்கையிற் பாதி அப்போது இடிபாடாகிக் கிடந்தது. ஏக்கமா, கண்ணா என்னும் கேள்வி ஆராய்ச்சிக்குரியதாக மட்டும் இல்லாமல் மின்னியின் உயிரைப்பற்றியதாகவும் மாறியது இவ்வாறே.

எனக்கு ஐயத்தைத் தந்தது அதன் நடையன்று, கண்மணி. நண்பகல் வெயில் முகப்பில் விழும்போது ஆரோக்கியமான பூனையின் கண்மணி நெற்கீற்றுப்போல் ஒடுங்கி நிற்கும். மின்னியின் வலக்கண்மணி ஓரளவு ஒடுங்கியது. இடக்கண்ணிலோ அது நள்ளிரவிற்போல் வட்டமாக விரிந்தே கிடந்தது. இரு கண்மணிகளும் அளவில் வேறுபட்டிருத்தலும், வெளிச்சத்தில் ஒடுங்க மறுத்தலும் இடமாற்றத்தின் ஏக்கத்தால் நேர்வன அல்ல.

ஈண்டு பூனைக்கண்ணின் அமைப்பைப்பற்றிச் சிறிது கூறுதல் தகும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு படை அதற்கு உண்டு. விழித்திரையைக் கடந்து செல்லும் ஒளியை அது திருப்பி அனுப்ப, அதே ஒளி இரண்டாம் முறையும் பயன்படுகின்றது. மனிதனுக்குத் தேவையான ஒளியின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு பூனைக்குப் போதும் என்பர். இருளில் அதன் கண் மின்னுவதும், வைடூரியத்தைப் பூனைக்கண் என்று இரத்தின வணிகர் அழைப்பதும் அந்த ஒளியை நோக்கியே. வியப்பு யாதெனில், கண்மணி ஒடுங்காது விரிந்தே நிற்கும் நோயிலும், விழித்திரை மெலிந்து தேயும் நோயிலும் இந்த மினுக்கம் முன்னையிலும் மிகுதியாகத் தோன்றக்கூடும். புதிய வீட்டிற்கு வந்த உறவினர் பலர் மின்னியின் கண்ணழகைப் புகழ்ந்து சென்றனர்.

அப்பாவை நம்பவைக்கச் சான்று வேண்டியிருந்தது. கையை முகத்துக்கு நேரே விரைவாகக் கொண்டுசென்றால் பார்வையுள்ள பூனை இமைக்கும். ஆனால் கை எழுப்பும் காற்று மீசைமயிரிற் பட்டாலும் அது இமைக்கும். ஆதலால் இடையில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். வலக்கண்ணை மறைத்துச் சோதித்தபோது இமை அசையவே இல்லை. பின்னர்ப் பஞ்சுருண்டை. பஞ்சு விழும்போது ஓசையும் இல்லை, மணமும் இல்லை. கண்ணால் மட்டுமே அதனைப் பின்தொடர இயலும். வலப்புறம் விழுந்த பஞ்சைத் தலை திருப்பிப் பார்த்த மின்னி, இடப்புறம் விழுந்ததைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதாக, நடைவழியில் ஒரு வாளியை வைத்து விளக்கைத் தணித்தோம். மின்னி நேரே அதில் மோதியது. அப்பா எதுவும் பேசாமல் வாளியை எடுத்து அப்பால் வைத்தார்.

பழைய வீட்டில் இது எவர் கண்ணுக்கும் புலப்படாமைக்குக் காரணம் எளிது. ஒரு பொருளும் இடம் மாறாத அவ்வீட்டின் படத்தை அது உடம்பிலேயே வரைந்து வைத்திருந்தது. மிக அருகிலுள்ள பொருளை நல்ல பார்வையுள்ள பூனையும் தெளிவாகக் காண்பதில்லை; அங்கே கண்ணின் வேலையை மீசைமயிரே செய்கின்றது. செவியும் மூக்கும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்கின்றன. பார்வைக் குறையுள்ள பூனையைக் கண்டுபிடித்துத் தருவது பெரும்பாலும் மருத்துவரன்று, இடம் மாறிய ஒரு நாற்காலியே.

கூடையில் வைத்து முச்சக்கரவண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவர் கண்ணை நோக்குமுன் முன்காலிற் சிறு பட்டியொன்றைச் சுற்றிக் குருதியமுக்கத்தை அளந்தது எங்களுக்குப் புதுமையாக இருந்தது. 160 மி.மீ. இரசத்துக்கு மேற்பட்டாலே பூனைக்கு அது மிகை. மின்னிக்கு 200ஐக் கடந்திருந்தது. முதிய பூனைகளிற் சிறுநீரகம் தளர்வதாலோ, தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகச் சுரப்பதாலோ குருதியமுக்கம் உயர்ந்து, விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, விழித்திரையே சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்புபோற் கழன்றுவிடும். மின்னிக்குச் சிறுநீரகமே காரணம் என்பது குருதிச் சோதனையில் தெரிந்தது. இடக்கண் முற்றாகப் போயிற்று; வலக்கண்ணில் ஓரம் மட்டும் கழன்றிருந்தது. மனிதரின் குருதியமுக்கத்துக்கும் வழங்கப்படும் அம்லோடிப்பின் மாத்திரையில் ஒரு துண்டு நாள்தோறும் எழுதித் தரப்பட்டது. பாட்டி உட்கொள்வதும் அதே மாத்திரை.

எல்லாக் கண்ணோயும் இவ்வாறு மறைந்து வருவதில்லை. ஒரு கண்ணை மட்டும் இடுக்குதல், நீர் அல்லது சீழ் வடிதல், முன்காலால் ஓயாது தேய்த்தல், உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை வெண்டோலாக ஏறிநிற்றல் ஆகியன வலியின் மொழி. குட்டிகளிடம் இவை பெரும்பாலும் பூனைக்குரிய ஹேர்ப்பிஸ் வைரசினால் வருகின்றன. சண்டைக்காரக் கடுவன்களிடம் நகக்கீறலால். நம் வீடுகளில் தேயிலைச் சாயத்தால் கழுவுவோரும், மனிதருக்கு வாங்கி எஞ்சிய சொட்டுமருந்தை விடுவோரும் உளர். விழிவெண்படலத்திற் புண் இருக்கும்போது ஸ்டீரோயிட் கலந்த சொட்டுமருந்தை விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே உடைந்துபோகலாம். கிழப்பூனையின் வில்லையில் தோன்றும் நீலமங்கல் நரைபோன்றது, பார்வையைப் பெரிதும் கெடுக்காது. பால்போல் வெளுத்த புரை வேறு. பூனைகளில் அது பெரும்பாலும் கண்ணின் உள்ளழற்சியைத் தொடர்ந்து வருவது.

உணவும் கண்ணைக் கெடுக்கும். தோரின் என்னும் பொருள் குறைந்த உணவை உண்ட பூனைகளின் விழித்திரை அழிகின்றது என்பது 1975ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது தோரின், சோற்றில் இல்லை. எனவே சைவ வீட்டுப் பூனைக்குப் பாற்சோறு மட்டுமே ஊட்டுவது கருணையாகத் தோன்றினும் கண்ணுக்குக் கேடு. இவ்விடயத்தில் மலாய் மூதாட்டியாரின் சூடைமீன் தலை எங்கள் வீட்டு ஆசாரத்தினும் விஞ்ஞானபூர்வமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பூனைக்கு மனிதகுலம் பட்டிருக்கும் கடன் இதனோடு ஒப்பிடத் தக்கதன்று. ஹியூபல், வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடிவைத்து, இளமையில் ஒளி பெறாத கண்ணை மூளை பின்னர் ஏற்பதில்லை என்று 1963இல் நிறுவினர். குழந்தைகளின் மாறுகண்ணையும் பிறவிப்புரையையும் காலந்தாழ்த்தாது சீர்செய்யவேண்டும் என்னும் இன்றைய மருத்துவக் கொள்கைக்கு இவ்வாய்வு பெரும் ஆதாரமாயிற்று. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அக்குட்டிகளை நினைக்கும்போது எனக்குப் பாராட்டும் மனவருத்தமும் ஒருங்கே எழுகின்றன. இரண்டில் எது மேலோங்குகின்றதென்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

ஒரு மாதத்தின் பின் மின்னியின் குருதியமுக்கம் 150க்கு இறங்கியது. வலக்கண்ணின் விழித்திரை மீண்டும் படிந்திருப்பதாக வைத்தியர் கூறினார். காலையில் ஒரே சிறுதட்டில் இரண்டு மாத்திரைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று முழுமையானது, பாட்டிக்கு. மற்றத் துண்டு மீன்சதையிற் பொதிந்து மின்னிக்கு. தளபாடங்களை எவரும் நகர்த்தலாகாது என்பது அப்பாவின் கட்டளை. விருந்தினர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிவிட்டுச் சென்றால், கதவு சாத்திய மறுகணமே அவர் எழுந்து அதனைப் பழைய இடத்தில் வைக்கிறார்.