தேய்மானத்தைப் படிக்கும் பொறியாளர்

அத்திப்பட்டிலுள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஏற்றிவரும் கன்வேயரின் பேரிங் தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். ஆனால், உடலுக்குள் பொருத்திய செயற்கை மூட்டை மாற்ற இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதால், தேய்மானத்தை முன்கூட்டியே அறிவதே உயிர்மருத்துவப் பொறியாளரின் தலையாய பணியாகிறது. இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் பொருத்திய டெஃப்லான் இடுப்புக் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் பாதித்தன. 1962இல் அவருடைய ஆய்வகத்தில் பணிபுரிந்த ஹாரி கிரேவன், பாலிஎத்திலீன் என்னும் நெகிழியைச் சோதனை இயந்திரத்தில் வாரக்கணக்கில் ஓடவிட்டு, அது மிகச் சிறிதளவே தேய்வதைக் கண்டார். மருத்துவரைப் போற்றும் உலகம் கிரேவனையும் போற்றியிருக்க வேண்டும்.

இன்று சிமுலேட்டர், அதாவது மனித நடையை அப்படியே நிகழ்த்தும் இயந்திரம், இடுப்பு மூட்டைக் கன்றின் சீரம் கலந்த திரவத்தில் 50 லட்சம் முறை அசைக்கிறது. இடையிடையே கிண்ணத்தைக் கழுவி, உலர்த்தி, எடைபோட்டு, இழந்த மில்லிகிராமைக் குறித்துக்கொள்வதில்தான் பொறியாளரின் பொறுமை தெரிகிறது.

உடலுக்கு வெளியே அணியும் மூட்டிலோ, அணிபவரின் வசதியிலும் பொறியாளருக்கு இதே அக்கறை தேவை. சென்னை ஐஐடியில் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான குழு உருவாக்கி 2022இல் வெளிவந்த ‘கதம்’ செயற்கை முழங்கால், ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் சுழல்வதால், தொடைப்பகுதியில் காலை இழந்தவரும் பேருந்து இருக்கையின் நெருக்கத்திற்குள் காலை மடக்கி அமர முடிகிறது.