அப்பா வச்ச குழாய்

ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்ககிட்ட நான் வழக்கமா விடுற பீலா ஒண்ணு உண்டு. செஸ்டர்டன் வேலி. ஜி.கே. செஸ்டர்டன்னு ஒரு ஆங்கில எழுத்தாளர், 1929ல வந்த 'தி திங்' புத்தகத்துல சொன்னது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வேலி நிக்குது. எதுக்குன்னே தெரியலை, பிடுங்கிடலாம்னு ஒருத்தர் சொன்னா அவரை விடாதே. எதுக்கு வச்சாங்கன்னு கண்டுபிடிச்சிட்டு வரட்டும், அப்புறம் பிடுங்கறதைப் பத்திப் பேசலாம். பழைய ப்ரோக்ராம்ல யாராவது கை வைக்கப் போனா இதை மந்திரம் மாதிரி ஓதுவேன்.

இப்பேர்ப்பட்ட மேதாவி, 2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப, மொட்டை மாடியில செடிகளுக்கு பைப்லயே ஒரு ஸ்டாண்டு செய்யக் கிளம்பினேன். (தங்கமணி வேணாம்னுதான் சொன்னாங்க. அது தனிக்கதை.) தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு பிவிசி பைப். டேங்கை விட ஒரு முழம் உசரம், தலை மட்டும் கைத்தடி மாதிரி வளைஞ்சிருக்கு. வாயில கொசுவலைத் துணி, சைக்கிள் ட்யூப்பால கட்டினது. சொட்டுத் தண்ணி வரலை. அப்பா கைவேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஏதோ பாதியில விட்டுட்டார் போலன்னு ஆக்சா பிளேடால அறுத்து, எண்ட் கேப் போட்டு, சொல்யூஷன் தடவி அடைச்சாச்சு. அறுத்த துண்டு ஸ்டாண்டுக்குக் காலாச்சு. என்ன ஒரு சிக்கனம்!

சென்னை திரும்பி அடுத்த வாரம் போன் பண்ணேன். அம்மா எல்லாக் கதையும் பேசிட்டுக் கடைசியில, "குழாய்ல தண்ணி நூலாட்டம் வருதுடா. புஸ்ஸு புஸ்ஸுன்னு வெறும் காத்து. நாலு நாளா கீழ சம்ப்புலேர்ந்து வாளியில மொண்டுக்கறேன்"னாங்க. எழுபத்தோரு வயசு. ரெண்டு முழங்காலும் வலி.

அப்பத்தான் உறைச்சது. நடுவுல கரண்ட் போய் டேங்க் காலியாயிருக்கு. மறுபடி நிரம்பும்போது பைப்புக்குள்ள காத்து மாட்டிக்கும். மேடான இடத்துல அது உட்கார்ந்துட்டா தண்ணியை நகர விடாது. பிளம்பர் பாஷையில ஏர் லாக். அந்தக் காத்து வெளியே போகத்தான் அந்தக் கைத்தடி. டேங்க்ல இருக்கற தண்ணி மட்டத்தை விட உசரம்ங்கறதால தண்ணி வழியாது, காத்து மட்டும் போகும். சொட்டுத் தண்ணி வராததுதான் அது ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு அடையாளமே!

சனிக்கிழமை ஓடிப்போய், ஸ்டாண்டுக்குப் போன துண்டையே எடுத்து கப்ளிங் போட்டு ஏத்தினேன். பாத்ரூம் குழாய் ரெண்டு தடவை இருமிட்டு, கொட்ட ஆரம்பிச்சுது.

"அது எதுக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? வீடு கட்டின புதுசுல இதே மாதிரிதான் தண்ணி வரலை. உங்கப்பா ஒரு வாரம் அலைஞ்சு வச்சாரு."

"அறுக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கடா கேட்ட? இஞ்சினியராச்சே, தெரிஞ்சுதான் செய்யறேன்னு நினைச்சேன்."

ப்ரோக்ராம்ல கமெண்ட் எழுதலைன்னு ஊரையே திட்டுறவன் நான். இங்க கமெண்ட் சமையல்கட்டுல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்திருக்கு.

கொசுவலையும் பழசுதான், அதே ட்யூப்பால கட்டிட்டேன். ஸ்டாண்டு மூணு காலோட சுவர்ல சாஞ்சு நிக்குது. சமையல்கட்டு ஜன்னல் கம்பியில அப்பா சுத்தி வச்ச செம்புக் கம்பி ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு அம்மாவுக்கும் தெரியலையாம். இருந்துட்டுப் போகட்டும்.