பைத்து கேட்டிருக்கீங்களா?

ஆரோவில் டூர் கிளம்பற எல்லாரும் கோட்டக்குப்பத்தைத் தாண்டித்தான் போறோம். இறங்கிப் பார்த்தவங்க எத்தனை பேர்? முத்தியால்பேட்டையோட புதுச்சேரி முடிஞ்சு, விழுப்புரம் மாவட்டம் ஆரம்பிக்கிற ஊர். 2021-ல் நகராட்சி ஆயிடுச்சு. ஈ.சி.ஆரில் நின்றால் பைக் ஹாரன்தான் காதைப் பிளக்கும். தெருவுக்குள்ளே நடங்க பாஸ்!

முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர். தமிழ் முஸ்லிம் ஊர்களுக்கென்றே ஒரு பாட்டு உண்டு. பேரு பைத்து. ரபீயுல் அவ்வல் பிறை தெரிஞ்சதும், நபியைப் புகழ்ந்து 12 நாள் மவ்லிது ஓதுவது பழைய வழக்கம். ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார். மத்தவங்க மறுவரியை வாங்கிப் பாடுவாங்க. மேடை இல்லை, ஆடியன்ஸ் இல்லை. மெட்டு தெரியாத பையன்கூட மூணாவது சுற்றில் சேர்ந்துக்குவான். (கடைசியில் கிடைக்கும் நார்சாவும் ஒரு காரணம்தான்!)

அமெரிக்கக் கிராமங்களிலும் இப்படி ஒரு கூட்டுப்பாட்டு இருக்கு. நொட்டேஷன் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக ஸ்வரத்துக்கு வடிவம் கொடுத்தாங்க. முக்கோணம்னா ஃபா, வட்டம்னா சோல், சதுரம்னா லா, டைமண்ட்னா மி. 1844-ல் வந்த ‘சேக்ரட் ஹார்ப்’ புத்தகத்துக்கு 2025-லும் புதுப் பதிப்பு வந்திருக்கு.

நம்ம ஆளுங்க இதே வேலையை எழுத்தில் செஞ்சாங்க. அதுதான் அர்வி, அரபுத் தமிழ். குர்ஆன் ஓத அரபி எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது என்றிருந்த பெண்கள் அப்போ ஏராளம். அவங்களுக்கும் எட்டணும்னு தமிழையே அரபி எழுத்தில் எழுதினாங்க. அரபியில் இல்லாத ட, ப, ங எல்லாத்துக்கும் இருக்கிற எழுத்தில் புள்ளியோ குறியோ சேர்த்துப் புது எழுத்து! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இதில் எழுதிக் குவித்தவர்.

ஒரே வித்தியாசம்... அவங்க மெட்டையே காகிதத்தில் ஏத்திட்டாங்க. நாம சொல்லை மட்டும்தான் ஏத்தினோம்.

இப்போ அர்வி படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டாங்க. மவ்லிது ஓதலாமா கூடாதாங்கிற வாதமும் 1980களிலிருந்து நடக்குது. தீர்ப்பு சொல்ற வேலை நமக்கு வேண்டாம். ஆனா அந்த வாதத்தில் மெட்டைப் பத்தி யாரும் கவலைப்படலைங்கிறதுதான் உறுத்துது. தமிழ் எழுத்தில் அச்சான பைத்துப் புத்தகம் கிடைக்குது. எங்கே இழுக்கணும், எங்கே எல்லாரும் சேரணும் என்பது அதில் இல்லை. அது தெரிஞ்ச பாட்டி உங்க வீட்டில் இருந்தா, செல்போனில் ரிக்கார்டர் எங்கே இருக்குன்னு இன்னிக்கே தேடுங்க. நார்சா அப்புறம் சாப்பிட்டுக்கலாம்.