பெயர் ஒன்று, பதிவு மூன்று

ஜூலை 28

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய இளம் கல்லூரி உள்ள மாவட்டத்தில் மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தரவு அறிவியல் பயிற்சியைத் திட்டமிடுவோர், எந்த மென்பொருளைக் கற்பிப்பது என்பதற்கு முன்னரே, எந்தத் தரவில் தொடங்குவது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். தரவு அறிவியல் என்பது திரட்டிய பதிவுகளைச் செப்பமிட்டு, புள்ளியியலையும் கணினி நிரலையும் துணையாகக் கொண்டு, சோதித்தறியத்தக்க முடிவுகளைப் பெறும் துறை. ஆய்வுமுறையின் அடிப்படைகளைச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் இணையவழிப் படிப்பு ஏற்கெனவே கற்பிக்கிறது. முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு அது கட்டாயமும்கூட. ஆதலால் புதிய பயிற்சி, கையில் ஒரு கோப்பு வந்து சேர்ந்தபின் செய்ய வேண்டியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

ஜூலை 30

முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, அங்குள்ள மன்னர் கல்லூரியில் பயின்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய அவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். சென்னையின் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அந்நிலையத்தில்தான் பேணப்படுகிறது. பயிற்சியைத் தொடங்க ஏற்ற தரவு இத்தகைய பதிவேட்டில் உண்டு. மருத்துவமனைப் பதிவேடு தன்னிடம் வந்தவர்களை மட்டுமே அறியும். மக்கள்தொகைசார் பதிவேடோ, ஒரு நிலப்பரப்பில் வாழ்வோரில் நோயுற்ற ஒவ்வொருவரையும், அவர் எங்கே சிகிச்சை பெற்றிருந்தாலும், ஒரு முறை மட்டுமே எண்ண முயல்கிறது.

அந்த ‘ஒரு முறை’தான் கடினமானது. அறந்தாங்கிப் பக்கத்துப் பெண்ணொருவர் உள்ளூர் மருத்துவமனையில் ‘லெட்சுமி’ என்றும், திருச்சியின் ஆய்வகத்தில் ‘லட்சுமி’ என்றும், இறப்புப் பதிவில் ‘மகாலெட்சுமி’ என்றும் எழுதப்படலாம். திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்தும் பின்னர் கணவரின் முதலெழுத்தும் பெயருக்கு முன் வந்து நிற்கும். வயதோ பெரும்பாலும் 45, 50 என முழு எண்ணாகவே சொல்லப்படும். பெயர், வயது, ஊர், நோயுற்ற உறுப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, இரு பதிவுகள் ஒருவருடையவையாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடுவதே பதிவு இணைப்பு எனப்படும். இதில் பிழை இரு பக்கமும் நேரும்: ஒருவரை இருவராக எண்ணினால் நோய் மிகுந்ததுபோல் தோன்றும், இருவரை ஒருவராக்கினால் ஒரு நோயாளி கணக்கிலிருந்தே மறைந்துபோவார். வெளிநாட்டுப் பாடநூல்களின் மாதிரித் தரவில் இச்சிக்கலின் இவ்வடிவம் இராது. எனவே பயிற்சிக் காலத்தில் பாதியை இதற்கே ஒதுக்குவது மிகையாகாது.

ஆகஸ்ட் 2

கருவிகள் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஆர், பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, ஒன்று போதும். ஆயினும் எக்செலை அறவே விலக்காமல், அது தானாகச் செய்யும் மாற்றங்களை விளக்குவது நல்லது. ‘மார்ச்1’ போன்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிவந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு அத்தகைய பெயர்கள் சிலவற்றையே மாற்றி 2020-இல் நெறிமுறை வெளியிட நேர்ந்தது.

ஆகஸ்ட் 3

2023-இன் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாடத்தில் இடம்பெற வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது சிற்றூர்களுக்குப் பொருந்தாது. அரிய நோயும் ஊரின் பெயரும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 5

பகுப்பாய்வின் பயனைக் காட்டத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உடல் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பணியாளர்கள் பார்த்து, இறப்பு ஆபத்து மிக்க நோயாளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். மேலே எவ்வளவு நுட்பமான கணிப்பு முறை அமைந்தாலும், எடை பார்க்கப்படாமல் ஊகித்து எழுதப்பட்டிருந்தால், அக்கணிப்பு படுக்கை தேவைப்படும் ஒருவரைத் தவறவிடும்.

பணியிலிருப்போருக்கு உடனே பயன்படும் பயிற்சியளிப்பதில் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு முன்னனுபவம் உண்டு. 1991-இல் இங்கே பரவிய அறிவொளி இயக்கம், கல்குவாரிப் பெண்கள் உள்ளிட்டோருக்கு எழுத்தறிவித்ததோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தது. கற்றது அன்றாடத்தில் உடனே பயன்பட்டது. அதே நோக்கில், பதிவேட்டை நிரப்பும் செவிலியர்களையும் ஆய்வக நுட்பநர்களையும் மருத்துவர்களுக்கு இணையாக இப்பயிற்சியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன, எந்த அலகில், யாரால் எழுதப்படுகிறது என்பதை விளக்கும் தரவகராதியை அவர்கள் தம் பதிவேட்டுக்குத் தாமே எழுதுவதே முதல் வாரப் பணியாக அமைய வேண்டும்.