அரணையும் ஆமையும் அமீனாவும்

எங்கள் ஊரில் இரண்டு பிராணிகளுக்கு எதிரான தீர்ப்புகளை எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். ஒன்று, ‘அரணை கடித்தால் மரணம்’. மற்றொன்று, ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’. இவ்விரண்டு தீர்ப்புகளும் நிறைவேற்றப்பட்டதை எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். முதலாவதை நிறைவேற்றியவன் நானே.

அப்போது எனக்கு ஒன்பது வயது. துவைகல்லின் அடியிலிருந்து ஓர் அரணை வெயில் காய வெளியே வந்தது. புளி போட்டுத் துலக்கிய செம்புபோல் அதன் முதுகு மின்னியது. விறகுக்கட்டையால் ஓங்கி அடித்தேன். வால் தனியே அறுந்து துடித்தது; உடல் அசையவில்லை. “நல்ல காரியம் செய்தாயடா, ஓர் உயிர் தப்பியது” என்றாள் பாட்டி. எந்த உயிர் என்று நான் கேட்கவில்லை.

அதே பாட்டி வேறொரு நாள், அரணை கடிக்கத்தான் வரும், ஆனால் வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்றும் சொன்னாள். ‘அரணை புத்தி’ என்ற வசவு அப்படிப் பிறந்தது. கடித்தால் மரணம், ஆனால் கடிக்க மறந்துவிடும். அரணை கடித்து இறந்தவரை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. அந்தச் சங்கடத்தைச் சமாளிக்கவே இந்த மறதிக் கதையைக் கட்டினார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

உண்மையில் அரணைக்கு நஞ்சே கிடையாது. நம் கொல்லைகளில் மிகுதியாகத் தென்படும் அரணைக்கு விலங்கியலார் இட்ட பெயர் யூட்ரோபிஸ் கரினேட்டா. அதன் முதுகுச் செதில்களில் ஓடும் நுண்ணிய வரம்புகளைக் குறித்த பெயர் அது. உலகில் 1,700க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் இருக்கின்றன. நம்முடையது சருகுக்குள் புகுந்து பாச்சையையும் வெட்டுக்கிளியையும் வண்டையும் தேடித் தின்கிறது. பிறகு தானே செம்போத்துக்கும் வல்லூறுக்கும் கீரிக்கும் பாம்புக்கும் இரையாகிறது. பூச்சிக்கும் பறவைக்கும் நடுவிலுள்ள ஒரு படி அது. நான் உடைத்தது அந்தப் படியை.

இரண்டாம் தீர்ப்பு எங்கள் கிணற்றில் வாழ்ந்த ஆமையின்மீது விழுந்தது. கறுத்த ஓடு, அதன்மேல் நீளவாக்கில் மூன்று வரம்புகள். மெலனோகெலிஸ் ட்ரைஜூகா என்ற அதன் பெயரில் கறுப்பும் இருக்கிறது, மூன்றும் இருக்கிறது. கிணற்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று தாத்தாதான் அதைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவர் நம்பிக்கையில் பொருளில்லாமல் இல்லை. நீர்த்தாவரங்களையும் பூச்சிகளையும் நத்தைகளையும் செத்து மிதப்பவற்றையும் தின்று தீர்க்கும் இனம் அது. எப்போதாவது வாளியில் ஏறி வந்துவிடும். தாத்தா அதன் ஓட்டைத் தடவிக்கொடுத்துத் திரும்ப இறக்கிவிடுவார்.

ஒரு வருடம் உண்மையாகவே அமீனா எங்கள் வீட்டுக்கு வந்தார். தாத்தா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் வாங்கியவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஜப்தியில் வெண்கலப் பாத்திரங்களும் மாடுகளும் போயின. அன்று மாலை திண்ணையில் கூடிய உறவினர்கள் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆமையைப் பற்றியே பேசினார்கள். மறுநாள் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். குளத்தில் விட்டதாகச் சொன்னார்கள். “கறிக்குப் போயிருக்கும்” என்றாள் பாட்டி, யாரையும் பார்க்காமல். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் அந்த உறவினர்கள்மீது எனக்குக் கோபம் இருந்தது. ஆமைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் வேறொன்று உறுத்தியது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் முட்டையிடக் கரையேறி மண்ணைத் தோண்டியாக வேண்டும். எங்கள் கிணற்றுக்குக் கரை ஏது? தாத்தாவின் பிரியமும் அதற்கு ஒரு சிறைதான். குளத்தில் இருந்திருந்தால் அது செய்திருக்கக்கூடிய வேலையை ஒரு குடும்பத்தின் குடிநீருக்காக நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம்; பிறகு பழியையும் அதன்மேலேயே ஏற்றினோம். ஆமைகள் மெதுவாகவே வளர்ந்து பருவமடைகின்றன. வளர்ந்த ஒன்றை இழந்த குளம் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உலகிலுள்ள ஏறத்தாழ 360 ஆமை இனங்களில் பாதிக்குமேல் இன்று அழிவின் அச்சுறுத்தலில் இருக்கின்றன. புலனடக்கத்துக்கு ஆமையை உவமை சொன்ன வள்ளுவரை நாம் பள்ளியில் படிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பழமொழிக்குத் திரும்பிவிடுகிறோம்.

சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றின்மேல் இரும்புமூடி, பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு. கொல்லையில் பாதிக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். துவைகல் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. “பெரியப்பா, அரணை!” என்று கத்திக்கொண்டு தம்பி மகள் துடைப்பத்துடன் ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் அசையாமல் நில்” என்றேன்.

இருவரும் நின்றோம். அரணை தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. பிறகு சருகைக் கிளறி ஒரு பாச்சையைக் கவ்விக்கொண்டு கல்லுக்கடியில் நுழைந்தது.

“கடிக்க மறந்துவிட்டதா பெரியப்பா?”

“இல்லையம்மா. அதற்கு வேறு வேலை இருக்கிறது.”